ஓரிரவுக் கொழும்பு: பத்தேகால் பேர்

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். வட்டவளையிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் செலவை ரூபாவில் சொன்னால் பாதிதான் விளங்கும், பேரில் சொன்னால் முழுவதும் விளங்கும். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு ரூபா எங்கெங்கோ போய்விட்டது. பேர் மட்டும் காலை முதல் மாலை வரை மலையில் நின்ற நேரமாகவே இருக்கிறது. ஆகவே இந்தக் கணக்கின் அலகு பேர்.

முதலில் அலகின் விலை. 2021இல் அது 1,000 ரூபா. 2024இல் சம்பள நிர்ணய சபை வழியாக அடிப்படை நாட்சம்பளம் 1,350 ஆனது. 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, அரசின் வரவு ஊக்கத்தொகை 200 சேர்த்து 1,750 ஆக்குவதாகச் சொன்னார்கள். நான் 1,350ஐயே வைத்துக்கொள்கிறேன், கூடிய தொகையைப் பிறகு போட்டுப் பார்க்கலாம். ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிப்பது 8 சதவீதம் என்றாலே கையில் நிற்பது 1,242தான். ஆனாலும் முழுத்தொகையையே எடுப்போம், பெருக்க வசதி.

தூரம் இப்படி. கோட்டை நிலையத்திலிருந்து ஹட்டன் ரயில் பாதையில் 173 கிலோமீற்றர், வட்டவளை அதற்கு முன்னால், 160 அளவில். இந்தப் பாதை நாவலப்பிட்டிக்கு 1874இலும் ஹட்டனுக்கு 1884இலும் வந்தது. வந்தது கோப்பியையும் தேயிலையையும் இறக்கத்தான், ஆட்களை ஏற்றுவது பிறகு சேர்ந்துகொண்ட வேலை. சாலையில் போனால் கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டதால், கோச்சியை நம்பிக் கிளம்புகிறவர்கள் முதல் நாளே நிலையத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இனி ஒரு பயணம். அம்மாவுக்கு மஹரகம அபேக்ஷா புற்றுநோய் மருத்துவமனையில் கிளினிக், கூடவே மகள். இருவருமே பேர் போடுகிறவர்கள். முதல் நாள் காலையில் கிளம்பி, மாலையில் அறை எடுத்து, மறுநாள் காலை கிளினிக் முடித்து, இரவோடு வீடு திரும்புகிறார்கள். சிகிச்சைக்குக் காசில்லை, அரச மருத்துவமனை. கீழே உள்ளவற்றில் அறை, சாப்பாடு, பஸ் கட்டணம் ஆகியவை கணக்குக்காக நான் வைத்த சுற்றுத்தொகைகள். உங்களுக்குச் சொல்லப்பட்ட விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கூட்டும் முறை மாறாது.

வட்டவளை – கொழும்பு, இருவர், போக வர (ஒரு வழிக்கு 500): 2,000
கோட்டை – மஹரகம பஸ், இருவர், போக வர (ஒரு வழிக்கு 80): 320
அறையிலிருந்து மருத்துவமனைக்கு ஓட்டோ, போக வர: 370
மஹரகமப் பக்கம் மின்விசிறி அறை, ஓரிரவு: 3,500
இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு, மதியப் பார்சல், மூன்று வேளை பிளேன்டி, இருவருக்கு: 2,300
இருவர் இழந்த வேலை, இரண்டிரண்டு நாள், 4 பேர்: 5,400
மொத்தம்: 13,890

அதாவது 10.29 பேர். ஒரு பேருக்குப் பல தோட்டங்களில் கேட்கும் 18 கிலோ கொழுந்தால் பெருக்கினால் 185 கிலோ.

இந்தப் பட்டியலில் கடைசி வரிக்கு மேல் உள்ள வரியை யாரும் எழுதுவதில்லை. போய் வந்தவரிடம் எவ்வளவு செலவு என்று கேட்டால் 8,500 என்பார், ஏனென்றால் பையிலிருந்து போனது அவ்வளவுதான். போகாமல் இருந்திருந்தால் வந்திருக்கும் 5,400 யாருடைய பையிலிருந்தும் போகவில்லை, வரவே இல்லை. ஆனால் மொத்தத்தில் அது 39 சதவீதம். அறை வெறும் 25. எந்த லொட்ஜ் மலிவு என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். எந்த லொட்ஜில் தங்கினால் ஒரு பகல் மிஞ்சும் என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. சம்பளம் கூடினால் இது சரியாகுமா என்றால், அரைகுறையாகத்தான். பேரை 1,750 என்று போட்டுப் பாருங்கள். பயணம் 8.85 பேராகக் குறைகிறது, ஆனால் ரூபாவில் 15,490 ஆகக் கூடி, அதில் இழந்த வேலையின் பங்கு 45 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. பகல் விலை கூடக்கூட, பகலை வீணாக்கும் மலிவு அறையின் உண்மை விலையும் கூடுகிறது.

ஒப்பிட்டுப் பார்ப்போம். ஊரில் எல்லோரும் சொல்வது கொட்டாஞ்சேனை அல்லது புறக்கோட்டை. அங்கே அறை 2,500 என்று வைப்போம், மஹரகமவைவிட 1,000 குறைவு. ஆனால் கொட்டாஞ்சேனையிலிருந்து மஹரகம 17 கிலோமீற்றர் வரும். மேல் மாகாணத்தில் ஓட்டோ மீற்றர் முதல் கிலோமீற்றருக்கு 100, பிறகு ஒவ்வொன்றுக்கும் 85 என்று பிடித்தால் ஒரு வழிக்கே 1,460. அறையும் ஒரு வழி ஓட்டோவும் சேர்ந்து 3,960. மஹரகமவில் அறை 3,500, இரண்டு கிலோமீற்றருக்கு ஓட்டோ 185, மொத்தம் 3,685. மலிவு அறை 275 ரூபா அதிகம். பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ் மஹரகமவுக்கு நேரே போகிறது, இருவருக்கு 200க்குள் முடியும், அப்போது கொட்டாஞ்சேனைதான் வெல்லும். மருந்து ஏற்றிக்கொண்ட அம்மாவைக் காலை அலுவலக நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்க வைக்க முடியுமென்றால் அந்தக் கணக்கு சரி. என்னால் முடியாது.

பத்தரமுல்லைக்கும் இதே விதி. கடவுச்சீட்டுக்கான தலைமை அலுவலகம் அங்கேதான். சாதாரண சேவைக் கட்டணம் 2024 பெப்ரவரியில் 5,000இலிருந்து 10,000 ஆனது, ஒருநாள் சேவை 20,000. பேரில் 7.4, 14.8. இந்தப் பணத்தைக் கட்டப் போகிறவர் அறையில் 500 மிச்சம் பிடிக்க நகரின் மறுகோடியில் படுத்து, வரிசைக்குப் பிந்தினால், இன்னொரு இரவு. கொள்ளுப்பிட்டியிலிருந்து 177, புறக்கோட்டையிலிருந்து 190 என்று பத்தரமுல்லை வழியாகப் போகும் பஸ்கள் உண்டு. அறையை இந்த வழிகளில் ஒன்றின் ஓரமாகப் பார்த்தால் போதும். மேல் மாகாண பஸ்களில் குறைந்த கட்டணம் 2024 ஒக்டோபரில் 27 ரூபா ஆனது. கொழும்பில் நமக்குக் கட்டுப்படியாகும் பொருள்களில் அதுவும் ஒன்று.

அறையே எடுக்காமல் போகும் வழியும் இருக்கிறது. வேலை முடிந்து, ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ இரவு அஞ்சல் கோச்சியைப் பிடித்தால் விடியுமுன் கோட்டை. இரவு பஸ்ஸும் அப்படியே. முன்னைய பட்டியலில் அறை 3,500, இரவுச் சாப்பாடு 800, இரண்டு பேர் 2,700 கழிகின்றன. மீதி 6,890, அதாவது 5.1 பேர். செலவு பாதியாகிறது! கடவுச்சீட்டுக்கும் வேலை நேர்முகத்துக்கும் இதைவிட நல்ல வழி தெரியவில்லை. நோயாளிக்கு இது ஆகாது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தே விடிந்த உடம்பை வைத்தியர் சோதித்தால் காண்பது நோயையா, களைப்பையா? பெண்கள் தனியே வந்தால் வெளிச்சம் வரும்வரை நிலையத்துக்குள்ளேயே இருப்பது நல்லது. வாசலில் ஓட்டோக்காரர் சொல்லும் முதல் விலை இருட்டின் விலை.

சொந்தக்காரர் வீடு? பலரும் முதலில் நினைப்பது அதைத்தான். அறைச் செலவு பூச்சியம். வெறுங்கையோடு போக முடியாது, பழம், பிஸ்கட், நல்ல தேயிலைத்தூள் என்று 1,200. "இவ்வளவு தூரம் வந்துட்டு இன்னைக்கே போறதா, அக்கா?" என்று சித்தி மகள் கேட்டால் இன்னொரு நாள் நிற்க வேண்டும், இருவருக்கு 2,700. ஆக 3,900, லொட்ஜைவிட 400 அதிகம். உறவுக்கு விலை போடுவதாக யாரும் கோபிக்க வேண்டாம். அந்த வீட்டிலும் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து, அவர்களும் காலையில் வேலைக்குப் போகவேண்டியவர்கள் என்பதை நாம் சேர்க்கவே இல்லை.

அறை கேட்கும்போது விலைக்கு முன் நேரத்தைக் கேளுங்கள். மதியம் 12 மணிக்குக் காலி செய்யும் அறையும், ஏறிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் தரும் அறையும் ஒரே விலையில் கிடைக்கும்போது, மாலை 5க்கு ஏறியவருக்கு முதலாவது 19 மணி நேரம், இரண்டாவது 24. கிளினிக் முடிந்து வந்து சாய ஒரு கட்டில் வேண்டுமென்றால் அந்த 5 மணி நேரம்தான் முழு வித்தியாசம். குளிரூட்டி வேண்டுமா என்றால், வட்டவளை ஆயிரம் மீற்றருக்குக் கிட்ட உயரத்தில் இருக்கிறது, ஆயிரம் மீற்றருக்கு ஆறு பாகை என்ற கணக்கில் கொழும்பு நமக்கு அவ்வளவு சூடு. ஆனாலும் வயதானவர்களுக்கு மின்விசிறியும் திறக்கக்கூடிய ஜன்னலும் போதும். ஜன்னல் திறந்தால் நுளம்பு வரும். 2017இல் நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது, மாகாணங்களில் அதிகம் மேல் மாகாணத்தில். மலையில் நுளம்பு பழகாதவர்கள் இதைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஒரு நுளம்புச் சுருள் பையில் இருக்கட்டும், ஒரு பிளேன்டி காசுக்கு மேல் ஆகாது. குடையும் வைக்கலாம், ஆனால் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பார்க்கும் வட்டவளைக்காரருக்கு அதில் பாதியைப் பார்க்கும் கொழும்பு மழைபற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அடையாள அட்டை கட்டாயம். லொட்ஜ் பதிவேட்டில் நிரந்தர முகவரி எழுதவேண்டிய இடத்தில் நம்மவர் பேனா கொஞ்சம் தயங்கும். வீதிப் பெயர் இல்லை, வீட்டிலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயர், வட்டவளை, அவ்வளவுதான். இந்தப் பதிவேட்டுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் பொலிஸார் கதவைத் தட்டி, கொழும்பில் தங்கத் தக்க காரணம் இல்லை என்று 376 தமிழரை, ஆண்கள் 291, பெண்கள் 85, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றம் போனது, மறுநாளே இடைக்காலத் தடை வந்தது. சில நாளில் பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். குறி வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வடக்கு, கிழக்குக்காரர். ஆனால் நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது மலையகத் தமிழர் வேறு என்று யார் விளக்கிக்கொண்டிருப்பது? அந்தக் காலத்தில் லொட்ஜில் தங்கிய ஐம்பது வயதுக்காரர் எவரும் இன்றும் சட்டைப்பையில் வந்த காரணத்துக்கான கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதை ஒரு பழக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. கிளினிக் அட்டையின் பிரதி ஒன்றை வைத்திருப்பது இன்றும் கெடுதலில்லை, பிரதிக்கு ஆகும் செலவு 20 ரூபாவோ என்னவோ.

மாதக்கணக்கில் தங்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. கடைவேலைக்குப் போகிறவருக்குப் பகிர்ந்த அறையில் ஒரு படுக்கை மாதம் 8,000 என்றால், 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 30,000இல் அது 27 சதவீதம். மூன்று மாத முற்பணம் கேட்டால் 24,000, பேரில் கிட்டத்தட்ட 18. அதை வட்டவளையில் இருப்பவர்கள்தான் அனுப்புகிறார்கள். 10க்கு 12 அடிக் காம்பராவில் ஏழு பேர் இருந்ததை விட்டு வந்து, அதே அளவு அறையில் நான்கு பேரோடு வாடகைக்கு இருப்பதை முன்னேற்றம் என்று எழுதுவதா என்று எனக்கு முடிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள்தான் நமக்குக் கொழும்பின் சிறந்த வழிகாட்டிகள். புறக்கோட்டையில் துணிக்கடையோ பலசரக்குக் கடையோ, வாய்திறந்து இரண்டு வார்த்தை பேசுங்கள். "அண்ணே, எந்தத் தோட்டம்? மேக்கணக்கா, கீக்கணக்கா?" என்று தோட்டப் பிரிவு கேட்டு எதிர்க்கேள்வி வந்துவிட்டால், எந்த லொட்ஜில் தண்ணீர் வரும், எந்தக் கடையில் மதியம் மீன்குழம்பு தீருமுன் போகவேண்டும் என்பதெல்லாம் தானாக வரும். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலிருந்து வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை சொல்கிறது; பெரும்பாலும் அந்த நாள் ஞாயிறு. ஞாயிறில் புறக்கோட்டைக் கடைகள் பல பூட்டு, சாமான் வாங்க ஏற்ற நாளல்ல. ஆட்களைப் பார்க்க அதுதான் நாள்.

அவர்கள் கூடும் இடங்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. காலி முகத்திடல், 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் ஆனது, கோட்டை நிலையத்திலிருந்து நடை தூரம். செலவு இஸ்ஸோ வடைக்கு மட்டும். அதைவிட எனக்குப் பிடித்தது வெள்ளவத்தை. கோட்டையிலிருந்து கரையோரக் கோச்சியில் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி கடந்தால் வரும். நிலையத்தை ஒட்டியே கடல், பாறையில் உட்கார யாரும் சிட்டை கேட்பதில்லை. 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம், 1942இல் தொடங்கியது, நூலகத்தோடு. மாலையில் கூட்டம் நடந்தால் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், உள்ளே வரச் சொல்லுவார்கள். ஆனால் ஓகஸ்டிலும் டிசம்பரிலும் வெளிநாட்டுச் சொந்தங்கள் இறங்கும்போது அந்தப் பக்க அறை விலை நம்முடைய பட்டியலுக்குள் அடங்காது. செட்டியார் தெருவில் தங்கம் பார்ப்பதற்குக் காசில்லை, அங்கேயே கதிரேசன் கோயில். 1874இலிருந்து வரும் ஆடிவேல் இங்கிருந்துதான் புறப்படும். அந்த வாரமும், ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளும், கொட்டாஞ்சேனையில் அறை தேடி அலையும் நாள்கள். முன்கூட்டிப் பேசாமல் போகவேண்டாம். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கல்லைத் தொட்டுப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்பது என் கருத்து, பக்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

காசு கொடுத்துப் பார்ப்பது என்றால் பிள்ளைகள் கேட்பது தாமரைக் கோபுரம். 2022 செப்டம்பர் 15இல் திறந்தபோது உள்நாட்டவருக்கு 500 ரூபா. அன்றைய நாட்சம்பளம் 1,000, ஆக சரியாக அரைப்பேர். நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு நாள் கொழுந்து, 350 மீற்றர் கோபுரத்தில் ஏறி இறங்க. 1877இல் திறந்த தேசிய நூதனசாலை எனக்கு அதைவிட மேல். இதில் வீட்டில் யாரும் என்னோடு உடன்படுவதில்லை.

பட்டியலின் சாப்பாட்டு வரிக்குள் பிளேன்டியை 50 ரூபா என்று போட்டேன். அதன் பின்கணக்கும் இருக்கிறது. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை. 18 கிலோவுக்கு 4 கிலோ. கோப்பைக்கு 2 கிராம் என்றால் 2,000 கோப்பை. கொழும்புக் கடை விலையில் 100,000 ரூபா. அதைப் பறித்தவருக்கு 1,350, அதாவது 27 கோப்பை. இடையில் தொழிற்சாலை, ஏலம், லொறி, கடை வாடகை, சீனி, அடுப்பு எல்லாம் இருக்கின்றன, தெரியும். தெரிந்துகொண்டே குடித்தாலும் கொழும்பு பிளேன்டி கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது, அதிலும் பெரும்பாலும் தூசித் தேயிலை.

அரச அலுவல் தொடர்பான எந்தப் பயணத்துக்கும் கிளம்புமுன் 1919க்கு ஓர் அழைப்பு, அரச தகவல் நிலையம், தமிழிலும் பேசலாம். எந்தப் பத்திரம் வேண்டும், எந்த அலுவலகம் என்று கேட்டுக்கொண்டால் ஒரு பிறப்புச் சான்றிதழை மறந்ததற்காக இன்னொரு 10.29 பேர் இழக்க வேண்டாம். அத்தோடு இன்னொன்றும் கேளுங்கள்: இந்த வேலையைக் கண்டியில் செய்ய முடியுமா என்று. கண்டியிலும் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தேசிய மருத்துவமனையும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவோடு இருக்கிறது. மஹரகமவில் தொடங்கிய சிகிச்சையின் மீதியை அங்கே மாற்றித் தர முடியுமா என்று வைத்தியரிடம் கேட்பதில் தப்பில்லை. வட்டவளையிலிருந்து கண்டி ரயில் பாதையில் 50 கிலோமீற்றர் அளவு, கொழும்பின் மூன்றில் ஒரு பங்கு. காலையில் போய் மாலையில் வரலாம். அறை இல்லை, இரவுச் சாப்பாடு இல்லை, இழப்பு இருவருக்கும் ஒவ்வொரு நாள். போக்குவரத்துக்கு 1,000, சாப்பாட்டுக்கு 1,400 என்று தாராளமாகப் போட்டாலும் 2,700 சேர்த்து 5,100 ரூபா, 3.8 பேர்.